அப்பாவின் சைக்கிள் கடை

அப்பா ரிட்டயர்ட் ஆனவர் என்று சொன்னால் காலேஜில் அடுத்த கேள்வி உடனே வரும்: "எந்த ஆபீஸ்?" ஆபீஸ் எதுவும் இல்லை நண்பர்களே. குமணன்சாவடியில், இப்போது மேலே மெட்ரோ பாலம் போகிறதே, அங்கே குன்றத்தூர் ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்தில் ஒரு சைக்கிள் கடை. 1986-ல் ஆரம்பித்தார். முட்டி தேய்ந்து, குத்துக்கால் போட்டு உட்கார முடியாமல் போனதும் 2016-ல் தானே ஷட்டரை இறக்கினார். பென்ஷன் கிடையாது, பிரிவு உபசார விழா கிடையாது. போன வருஷம் தவறிவிட்டார். அவர் என்ன வேலை செய்தார் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்துக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு உண்டு. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர் கம்பெனிதான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவர்களுடையது. 1961-ல் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஷிப்டுக்குப் போகிறவர்களில் நிறைய பேருக்கு சைக்கிள்தான் வண்டி. வந்தவாசிப் பக்கத்து கிராமத்திலிருந்து பதினாலு வயசில் வேலை தேடி வந்த அப்பாவுக்கு, ஒரு சைக்கிள் கடையில் எடுபிடி வேலை கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஸ்கூல் விட்டதும் நான் நேரே கடைக்குத்தான் போவேன். அப்பா கோட்டம் எடுப்பதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். டயர், டியூபைக் கழற்றிவிட்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிப்பார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்து ஸ்போக்ஸைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்குவார். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான்.

"பாப்பா, அவசரப்பட்டு ஒரே இடத்துல முறுக்கினா இன்னொரு இடத்துல கோணிக்கும்" என்பார்.

கடைசியில் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்ப்பார். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40. சத்தம் ஒரே மாதிரி வந்தால் இழுவையும் சமம். காலேஜில் இழுவிசை, அதிர்வெண் பாடம் நடந்தபோது எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. அப்பா படித்தது அஞ்சாம் கிளாஸ்!

பஞ்சரிலும் அதே நிதானம்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சலுசன் தடவி, அது காயும் வரை ஒட்டமாட்டார். "சீக்கிரம்ணா, டூட்டிக்கு லேட்டாகுது" என்று கத்துகிறவர்களிடம், "ஈரத்துல ஒட்டினா சாயங்காலம் திரும்ப என்கிட்டதான் வருவே" என்று சிரிப்பார்.

அரசு கொடுத்த இலவச சைக்கிளில் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் வருவார்கள். புது வண்டி கொஞ்ச நாள் ஓடியதும் ஸ்போக்ஸ் தளரும், ஒரு தடவை இறுக்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் அதற்குக் காசு வாங்கமாட்டார். "வண்டி நின்னுட்டா படிப்பையும் நிறுத்திடுவாங்க" என்று அம்மாவிடம் சொல்வாராம்.

ஒரு காலத்தில் மட்கார்டில் நம்பர் எழுதிய பன்னிரண்டு வாடகை சைக்கிள்கள் இருந்தன. எனக்கு நினைவு தெரிந்தபோது இரண்டுதான் மிச்சம். எல்லாரும் தவணையில் பைக் வாங்கிவிட்டார்கள். அப்பா யாரையும் குறை சொன்னதில்லை. "கால் வலி மிச்சம், நல்லதுதானே" என்றார்.

அவர் பெட்டியில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. பெயர், தெரு, எடுத்த நேரம், பாக்கி. எட்டணா, ரெண்டு ரூபாய் என்று பக்கம் பக்கமாக வராத பாக்கி. அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "அவரே கேக்கல, நாம எதுக்கு" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். அப்பா கடிதம் எழுதியதில்லை, டைரி எழுதியதில்லை. அவர் கையெழுத்து என்று எங்களிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.