பிரதி எடுப்பது பற்றி

ஒரு நாவல் வெறும் தகவல்களால் நிரம்பியிருந்தால் நம் விமர்சகர்களிடம் அதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது: போட்டோகிராஃபிக் யதார்த்தம். சிலருக்கு இது பாராட்டு, பலருக்கு வசை. காமிரா எதிரே இருப்பதை அப்படியே பிரதி எடுக்கிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. சில வருஷங்கள் இருட்டறையில் ஃபிலிம் கழுவியவன் என்ற அளவில் எனக்கு இது சம்மதமில்லை.

ஃபிலிமின் மேல் இருப்பது ஜெலட்டினில் பரவிய வெள்ளி உப்புப் படிகங்கள், முக்கியமாக ஸில்வர் ப்ரோமைட். இந்த உப்புக்கு இயல்பில் நீலம்தான் தெரியும். 1873ல் வோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்து பச்சைக்கும் அதன் கண்ணைத் திறந்தார். சிவப்பு முழுதாகத் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதுவரை நீல வானம் வெளிறிப்போனது. நெற்றிக் குங்குமம் கறுப்பாக விழுந்தது. இதில் 'அப்படியே' எங்கே இருக்கிறது?

ஷட்டர் திறந்து மூடும் கணத்தில், ஒளி பட்ட படிகத்தில் வெள்ளி அணுக்கள் நாலைந்து ஓரிடத்தில் கூடுகின்றன. அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நடந்தாகிவிட்டது. காகிதத்தில் இந்த மறைபிம்பத்தை டால்பட் 1840ல் கண்டார். டெவலப்பரில் அமிழ்த்தியதும் அந்த நாலைந்து அணுக்களிலிருந்து தொடங்கிப் படிகம் முழுவதும் வெள்ளியாகிக் கறுக்கிறது.

எவ்வளவு கறுக்கவேண்டும் என்பது கழுவுகிறவன் கையில் இருக்கிறது. டி-76 கரைசலுக்கு 20 டிகிரி என்று கணக்கு. சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீர் 30ஐத் தாண்டும். ஐஸ்கட்டி வாங்கிவந்து தொட்டியைக் குளிரவைப்போம். நேரம் கூடினால் நெகடிவில் வெளிச்சப் பகுதிகள் அடைத்துப்போகும். குறைந்தால் முகம் சப்பென்றிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

பிறகு ஹைப்போ. ஒளி தொடாத உப்பை அது கரைத்து வெளியேற்றுகிறது. விட்டுவைத்தால், பின்னால் படும் வெளிச்சத்தில் அந்த உப்பும் மெல்லக் கறுத்துப் படத்தை விழுங்கிவிடும். படத்தை நிலைக்கவைப்பது இந்த விலக்கல்தான்.

தகவல்களை அடுக்கிய அந்த நாவலில் எனக்குக் கிடைக்காதவை இவைதான்: தனக்கென்று ஒரு பார்வைக் குறை, இருட்டில் ஒரு காத்திருப்பு, தொடாததைக் கழுவி விடும் துணிவு. அது தோற்ற நாவல் என்பதில் எனக்கும் விமர்சகர்களுக்கும் வேற்றுமை இல்லை. புகைப்படம் ஆகும் அளவுக்கு அது போகவில்லை என்பது என் கட்சி.