ஸ்டிரைக்கரும் விழுந்தது!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கேரம் ஆடியவர்களில் இந்தக் கொடுமையை அனுபவிக்காதவர் யார்? குறி பார்த்து அடிக்கிறோம். வெள்ளைக்காய் குழிக்குள் போகிறது. வெற்றிப் பெருமிதத்தோடு நிமிர்வதற்குள், காயைத் தொடர்ந்து ஸ்டிரைக்கரும் அதே குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. சுற்றி நிற்பவர்கள் ஒரே குரலில் "ஃபைன்!" என்கிறார்கள். விழுந்த காயும் வெளியே, அபராதக் காயும் வெளியே! நம் விடுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் இக்காட்சியைக் கட்டணமின்றிக் காணலாம்.

பெருநகரங்களில் ஆடும் பூல் ஆட்டத்திலும் இதே துன்பம் உண்டாம். அடிக்கும் வெள்ளைப் பந்து குழியில் விழுந்துவிட்டால், எதிராளி அதைத் தனக்கு வசதியான இடத்தில் வைத்து ஆடலாம். ஸ்னூக்கரில் குறைந்தது 4 புள்ளிகள் எதிராளிக்குப் போகும். 1875இல் ஜபல்பூரில் ஆங்கில இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஸ்னூக்கருக்கு விதிகள் வகுக்கப்பட்டது நம் ஊட்டியில் உள்ள கிளப்பில்தான். ஆக, இந்த அபராதச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டு மலைக்கும் பழைய உறவு உண்டு! ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு மலையைப் பற்றி.

கொல்லிமலையில் பைல் நாடு எங்கள் பகுதி. 'நாடு' என்றதும் கொடியும் கோட்டையும் எண்ண வேண்டாம். பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதியை எங்கள் மலையில் நாடு என்போம். எங்கள் ஊரில் பூல் மேசை கிடையாது. கேரம் பலகை ஒன்று உண்டு. மிளகு பறித்து, மரவள்ளி பிடுங்கி, மாலையில் கை கழுவி வருகிறவர்கள் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள். அவர்களில் முதல் ஆட்டக்காரர் என் அண்ணன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் விட்டதனால்தான் நான் தொடர்ந்தேன் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதை விரித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

சென்ற ஆண்டு அண்ணனும் அவருடைய கூட்டாளியும் கீழே ஓர் ஊரில் நடந்த இரட்டையர் போட்டிக்குப் போனார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிப் போய், முதல் சுற்றிலேயே தோற்றார்கள். காய் விழாமல் தோற்கவில்லை, நண்பர்களே! காய்கள் நன்றாகவே விழுந்தன. ஒவ்வொரு காயோடும் ஸ்டிரைக்கரும் போயிற்று. கடைசிப் பலகையில் எங்கள் பக்கம் ஒரே ஒரு காய் பாக்கி இருந்தது. அந்த ஒன்றே அபராதத்தால் மூன்றாகி நின்றது. அப்போது கூட்டத்தில் ஒருவர், "மலையில மரம் வெட்டுற கை. காட்டடிதான் வரும்" என்றார். சிலர் சிரித்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் சோளக்காடு வரும்வரை பேசவே இல்லை.

அந்தச் சொல் என்னை உறங்க விடவில்லை. கை முரடு என்றால் காய் எப்படிக் குறி தவறாமல் போயிற்று? பலகைக் குழியின் விட்டம் 4.45 செ.மீ. ஸ்டிரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ. வரை இருக்கலாம். இடைவெளி மூன்று மில்லிமீட்டர்தான். அவ்வளவு நெருக்கமான வாசலிலும் ஸ்டிரைக்கர் இடறாமல் நுழைகிறதென்றால், அடித்தவன் கை எவ்வளவு நேராக இருந்திருக்க வேண்டும்!

இதற்கு விடை எங்கள் இயந்திரவியல் வகுப்பில், மோதல் பாடத்தில் இருந்தது. சம நிறையுள்ள இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் மீட்சி மோதலில் மோதினால், ஓடி வந்தது நின்றுவிடும், நின்றது ஓடும். பூல் பந்துகள் ஏறக்குறைய சம நிறை கொண்டவை. ஆகவே வழுக்கிச் சென்று நேராக மோதும் வெள்ளைப் பந்து நின்றுவிட வேண்டும். அது நிற்காமல் பின்தொடர்வதற்குக் காரணம் உருளல். பந்து உருண்டுகொண்டே போய் மோதினால், மோதிய பிறகும் அதன் சுழற்சி மிஞ்சியிருந்து அதை முன்னே இழுக்கும். கற்றுக்குட்டிகள் பந்தின் நடுவிலோ மேலேயோ அடித்துவிட்டு, அது உருண்டு குழியில் விழுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். தேர்ந்தவர்கள் நடுவுக்குக் கீழே அடித்து அந்தச் சுழற்சியைக் கொல்கிறார்கள்.

கேரத்தில் உருளல் இல்லை. வட்டு வழுக்கித்தான் போகிறது. ஆனால் இங்கே நிறை சமமில்லை. ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 கிராமுக்குச் சற்று மேல். மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக் கணக்குப் போட்டால், நேர் மோதலுக்குப் பின் காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். ஸ்டிரைக்கர் தன் வேகத்தில் பாதியோடு அதே நேர்கோட்டில் தொடரும். பாதி வேகம் என்றால், உராய்வுக் கணக்குப்படி, அது போக வேண்டிய தூரத்தில் கால் பங்கு இன்னும் பாக்கி என்று பொருள். குழி அதற்குள் இருந்தால் ஸ்டிரைக்கர் விழாமல் என்ன செய்யும்? ஓரத்தில் வெட்டி அடித்தாலும் அது பெரிதாக விலகாது. பூல் பந்துகள் வெட்டடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிரிகின்றன. மூன்று மடங்கு கனமான ஸ்டிரைக்கரோ, எப்படி அடித்தாலும் தன் பாதையிலிருந்து இருபது பாகைகூட விலகுவதில்லை.

விடுமுறையில் இதை அண்ணனிடம் சொன்னேன். "ஏட்டுக் கணக்கெல்லாம் எனக்கெதுக்குடா தம்பி, அடிச்சுக் காட்டு" என்றார். நியாயம்தானே? பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு ஸ்டிரைக்கரை வாங்கி வந்து, காய் இருக்கும் இடத்தில் அதை வைத்தேன். "இதை நேரா அடிங்கண்ணா" என்றேன். அடித்தார். வைத்த ஸ்டிரைக்கர் குழிக்குள் பாய்ந்தது. அடித்தது ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிட்டது! அண்ணன் மீண்டும் வைத்து அடித்தார். மீண்டும் நின்றது. அடுத்து அதே இடத்தில் காயை வைத்து அடித்தார், இரண்டும் விழுந்தன. சிறிது நேரம் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நம்ம கையில குத்தமில்ல, எடையிலதான்" என்றார்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதையும் அவரே கேட்டார். "இங்க ஆடும்போது இவ்வளவு ஃபைன் விழலியே. கீழ போனா மட்டும் ஏன்டா விழுது?"

இதற்கு நோட்டில் விடை இல்லை. எங்கள் பலகையிலேயே இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மலையில் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும். பலகை ஈரம் குடித்து ஊதிவிடும். போரிக் பவுடர் கிடைக்காமல் முகப்பவுடரைத் தூவுவோம்; அதுவும் கட்டி தட்டிப்போகும். அடுப்புக்கு மேலே பரணில் பலகையை வைத்துக் காயவைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அந்தப் பலகையில் ஸ்டிரைக்கருக்கு மிஞ்சும் பாதி வேகத்தை உராய்வே தின்றுவிடுகிறது. காயைக் குழிவரை அனுப்பவே ஓங்கி அடித்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகிய கை, கீழே கண்ணாடி போல வழுக்கும் காய்ந்த பலகையில் அதே அடியை அடிக்கிறது. காட்டடி என்று சிரித்தாரே, அது காட்டின் குணமல்ல. ஈரப் பலகை சொல்லிக்கொடுத்த பாடம்.

நம் மாநிலத்தில் கேரத்தின் பெருமை மாளிகைகளில் வளரவில்லை. 1991லும் 1995லும் உலகச் சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வடசென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களுக்கு நல்ல பலகையும் நாள்தோறும் பயிற்சியும் எப்படியோ வாய்த்தன. எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஈரமில்லாத ஒரு கூடமும் ஒழுங்கான ஒரு பலகையும் கிடைக்கட்டும். அதன் பிறகு யார் கை முரடு என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அண்ணன் பங்குனி, சித்திரை வெயிலில்தான் தீவிரமாகப் பழகுகிறார். குழியோரக் காயை நேராக அடிப்பதில்லை. சற்றுச் சாய்த்து, ஸ்டிரைக்கர் குழிக்குப் பக்கத்துச் சட்டத்தில் இடிக்கும்படி விடுகிறார். நேராக அடித்தே தீர வேண்டுமானால், அந்தக் கால் பங்குத் தூரத்தை மனத்தில் அளந்துகொண்டு விரலைத் தளர்த்துகிறார். இன்னும் விழத்தான் செய்கிறது; ஆனால் முன்போல இல்லை. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. போன வாரம் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவிடம் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: போரிக் பவுடர் இரண்டு டப்பா வாங்கி வரவேண்டும், முகப்பவுடர் வேண்டாம்.