நீலகிரியின் கூட்டுக் கணக்கு

மேட்டுப்பாளையத்தில் பற்சக்கர ரயிலேறி உதகமண்டலம் செல்லும் யாத்திரிகர், குன்னூரை நெருங்கியதும் எங்கும் பசுமையையே காண்பார். ஆயினும் அப்பசுமையில் பெரும்பகுதி இம்மலைக்கு உரியதன்று. தேயிலை சீனத்திலிருந்தும், கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து குடியேறியவை. மலையின் ஆதிச் செல்வம், பள்ளத்தாக்குகளில் ஒதுங்கிய சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளுமேயாகும். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அப்புல்வெளிகள் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக ஈந்தன.

இச்செல்வம் ஒரே நாளில் குன்றிவிடவில்லை. 1843-இல் வந்த கற்பூர மரம் விறகுப் பஞ்சத்தைத் தீர்த்தது. 1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்து, கோயமுத்தூர் ஆலைகளை இயக்கிற்று. சுதந்திரத்திற்குப் பின்னர், கனடா தேசத்தின் உதவியால் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டுக்குரிய கூழுக்காகவும் புல்வெளிகளில் மரங்கள் நடப்பட்டன. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் சகோதரர்களுக்காக, 1968 முதல் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. இவற்றுள் எதனைத் தீதென்று தள்ளுவது? ஒவ்வொன்றும் ஒரு குறையை நீக்கவே வந்தது.

ஆனால் திட்டங்கள் பல, மலையோ ஒன்று. கிளென்மார்கனில் அருகருகேயுள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். ஒன்றில் புல்லை அப்படியே விட்டு, மற்றொன்றில் 1972-இல் கற்பூர மரம் நட்டனர். பத்தாண்டுகளில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. அதாவது, ஆலைக்கென நடும் மரம் அணைக்கு வரவேண்டிய நீரைக் குடித்துவிடும். பைகாரா நீர் மோயாறாகவும், குந்தா நீர் பவானியோடு கலந்தும் பவானிசாகரை அடைவதால், இந்நஷ்டம் ஈரோட்டு வயல்வரை எட்டும்.

இவற்றோடு, சரிவுகளை வெட்டி வீடுகளும் சாலைகளும் பெருகின. 2009 நவம்பர் மழையில் நாற்பதின்மருக்கு மேல் மண்சரிவில் மாண்டனர். 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி, அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய மழையை வெட்டுண்ட மலை எத்தனை முறை தாங்கும்?

1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. அந்நிய மரங்களை அகற்றும் பணியும் நடைபெறுகிறது. இவை நற்செயல்களே. எனினும் ஒவ்வொரு மனுவையும் தனியே நிறுத்துப் பார்ப்பது போதாது. வீட்டுக் கணக்கெழுதும் இல்லத்தரசி, ஒரு செலவு சிறியதா என்று மட்டும் கேட்பதில்லை. இம்மாதம் முன்னரே எவ்வளவு செலவாயிற்று என்பதையும் பார்க்கிறாள். நீலகிரிக்கும் அத்தகைய ஒரே ஏடு வேண்டும். மின்சாரம், தேயிலை, வனம், கட்டடம் ஆகிய எல்லா இலாகாக்களும் தத்தம் பற்றை அதில் எழுதவேண்டும். பவானிக் கரைக் குடியானவனும் அதனைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை பெறவேண்டும்.