கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

ரிச்சி தெருவில் தரைத்தளம் விற்பவர்களுக்கு. பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் மாடியில் இருக்கிறார்கள். வாடகைதான் காரணம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய இந்த வட்டாரத்தை மொத்தமாக ரிச்சி தெரு என்று சொல்லிவிடுகிறோம். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, அவற்றின் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் சந்தை. ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி, டிவி, கம்ப்யூட்டர் என்று காலத்துக்கேற்பச் சரக்கை மாற்றிக்கொண்ட தெரு இது. இப்போது கடை முகப்புகளில் சிசிடிவி கேமராக்கள் தொங்குகின்றன.

ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டில் ஏறி, ஈயம் உருகும் வாசனை வந்த கதவைத் தட்டினேன். உள்ளே மூன்று மேசைகள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ரேடியோ பழுது பார்த்த மாமாவிடம் தொழில் கற்றவர். வேலை நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு உட்காரச் சொன்னார்.

ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். “டிஸ்பிளே வரல. போர்டு போச்சுன்னு எங்க ஏரியா கடையில சொல்லிட்டாங்க.” மூத்தவர் பெட்டியைத் திறக்கவில்லை. “கடைசியா எப்ப ஓடிச்சு? நடுவுல எங்கயாவது தூக்கிட்டுப் போனீங்களா?” என்று கேட்டார். வீடு மாற்றினார்களாம். அதன்பிறகுதான் பெட்டி திறந்தது.

மின்விசிறி சுற்றியது, திரை இருட்டு. தன் மேசை இழுப்பறையிலிருந்து விரல் நுனியளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து போர்டில் செருகினார். இப்போது வரும் பெட்டிகளில் அது இருப்பதில்லையாம். பிறகு ரேமை முழுக்கக் கழற்றிவிட்டுப் பவரைப் போட்டார். நீளமாக ஒரு பீப் சத்தம் விட்டு விட்டு வந்தது. “கேட்டீங்களா? ரேம் இல்லைன்னு கத்துது. கத்துறதுக்குப் போர்டும் பிராசஸரும் உயிரோட இருக்கணும்ல?” கழற்றிய ரேமின் தங்க முலாம் பூசிய விளிம்பை, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ரப்பரால் மெல்லத் தேய்த்தார். ஸ்லாட்டில் பிரஷ்ஷை ஓட்டினார். மறுபடி மாட்டியதும் திரை வந்தது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் தூசும் சேர்ந்து அந்த விளிம்பில் படலம் கட்டியிருந்தது. வீடு மாற்றும் ஆட்டத்தில் ரேம் கொஞ்சம் நகர்ந்து, இருந்த தொடர்பும் விட்டுப் போயிருக்கிறது.

கூலி 300 ரூபாய் என்றார். வந்தவர் முகம் மாறியது. “ரப்பர்ல தேய்ச்சதுக்கா?” பேரம் பேசி 150 கொடுத்துவிட்டுப் போனார். மூத்தவர் கோபப்படவில்லை. “ரேம் போச்சுன்னு சொல்லிப் புதுசு மாட்டியிருந்தா பேசாம குடுத்திருப்பார் சார்” என்றார். அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இந்தக் கணக்கு வேறு வேறு உருவில் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

கோளாறு தேடுவதற்கு இவர்களிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. செலவில்லாததை முதலில் சந்தேகப்பட வேண்டும். பிளக், ஒயர், தூசு, அதற்கப்புறம்தான் பாகங்கள். பவரே வராத பெட்டியில் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையைத் தனியே கழற்றி, 24 முனை ஜாக்கில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்தால் அது ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் வைத்து 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். சும்மா ஓடும்போது சரியாக இருந்து, வேலை கொடுத்ததும் சரிகிற எஸ்எம்பிஎஸ்தான் ஆட்களை அலைக்கழிப்பது. கேம் ஆடும்போது மட்டும் அணைகிறது என்றால் அதையோ, பிராசஸரின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையோ பார்க்கிறார்கள்.

எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்று ஒரு பழைய பெட்டி வந்தது. வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை விண்டோஸ் மாற்றியிருந்தார்கள். மூத்தவர் திரையின் கீழ் மூலையைப் பார்த்தார். தேதி பல வருஷம் பின்னால் நின்றது. போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குச் செல்லுபடியாகும் காலம் உண்டு. தேதி தப்பாக இருந்தால் பிரௌசர் அவற்றை நம்பாது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி அது.

மூன்றாவது மேசையில் நடப்பது வேறு வேலை. இதைச் ‘சிப் லெவல்’ என்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஒரு லேப்டாப் போர்டு. இளைஞர் ஒருவர் குனிந்திருந்தார். சார்ஜர் போட்டாலும் உயிர் இல்லை. சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட் லைனில் ஏராளமான கெப்பாசிட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. கடுகளவுதான் ஒவ்வொன்றும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மொத்த போர்டும் படுத்துவிடும். எது என்று வெளியே தெரியாது.

அவர் செய்ததை மூச்சடக்கிப் பார்த்தேன். சால்டரிங் முனையில் ரோசினை வைத்துப் புகை எழுப்பி போர்டின் மேல் படரவிட்டார். பாகங்களின் மேல் வெண்மையாகப் படிந்தது. பிறகு அந்த லைனில் வெறும் ஒரு வோல்ட்டைச் செலுத்தினார். ஷார்ட் ஆன பாகம் மட்டும் சூடாகும், அதன் மேலிருக்கும் வெள்ளை உருகும். ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளி கறுத்தது. “அதான் அண்ணா ஆளு” என்றார் மூத்தவரிடம். ஹாட் ஏர் வைத்து அதை எடுத்தார். சார்ஜர் விளக்கு எரிந்தது. பழைய போர்டு ஒன்றிலிருந்து அதே அளவு கெப்பாசிட்டரை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.

இந்த வேலைக்கு போர்டின் வரைபடம் வேண்டும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியே தருவதில்லை. மெக்கானிக்குகள் தங்களுக்குள் மொபைலில் பரிமாறிக்கொள்கிறார்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. “அதெல்லாம் இருக்கட்டும், எங்களுக்கு டயக்ராம் கிடைச்சா போதும்” என்றார் அந்த இளைஞர்.

வீடு தேடிப் போகும் தொழிலையும் பார்க்க, ஹோம் சர்வீஸ்காரர் ஒருவரின் பைக்கில் வேளச்சேரிப் பக்கம் போனேன். முதுகுப்பையில் கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், நாலைந்து அடாப்டர்கள். ரூட்டர் செத்துவிட்டது என்று அழைக்கிறவர்கள் வீட்டில் பல நேரம் செத்திருப்பது அடாப்டர்தானாம். 12 வோல்ட் கேட்கும் ரூட்டரில் முனை பொருந்துகிறதே என்று 9 வோல்ட் அடாப்டரைச் செருகி வைத்திருப்பார்களாம்.

அன்று போன வீட்டில் ஓய்வுபெற்ற ஓர் அம்மா. “தம்பி, 200 எம்பி பிளான் போட்டிருக்கேன், பையன் கம்ப்யூட்டர்ல 95-க்கு மேல தாண்ட மாட்டேங்குது. கம்பெனிக்காரன் ஏமாத்துறான்” என்றார். “இருங்கம்மா, அவனைத் திட்றதுக்கு முன்னாடி ஒயரைப் பாத்துடுவோம்” என்று டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்குகளில் ஒன்று எரியவில்லை. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு இழைகள். 100 எம்பி வேகத்துக்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் இணைப்பு முழுதாகப் போய்விடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். அதனால்தான் யாருக்கும் ஒயர் மேல் சந்தேகம் வருவதில்லை. முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அடுக்கிப் புது ஜாக் அடித்தார்.

நெட்டே வராத வீட்டில் அவர் போகும் வழி நேரானது. முதலில் கம்ப்யூட்டரின் முகவரி. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கோளாறு வீட்டுக்குள்தான். முகவரி சரியென்றால் பதில் வருகிறதா என்று ரூட்டருக்குப் பிங், அப்புறம் இணையத்தில் இருக்கும் 8.8.8.8-க்கு, கடைசியில் ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயருக்கு. எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. ஃபைபர் இணைப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஃபைபர் லைன்காரரின் வேலை. ஒளிக்கற்றை வரவில்லை அல்லது மிக மங்கலாக வருகிறது. பீரோவுக்குப் பின்னால் கேபிளை மடக்கித் தள்ளியிருந்தாலும் இது நடக்கும்.

கிளம்பும்போது அந்த அம்மா, “சிபியூவைத் தொட்டா சுர்ருன்னு இருக்கு, அது பழசானதாலயா?” என்று கேட்டார். இவர் சுவர் பாயின்ட்டைப் பார்த்தார். எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பியே இருக்கின்றன. அது இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, மிகக் குறைந்த கரண்ட்டோடு, பெட்டியின் தகரத்துக்கு வந்துவிடும். “புதுசு வாங்கினாலும் இது போகாதும்மா. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க” என்றார். இந்தப் பதிலுக்கு அவர் தனியாகக் காசு கேட்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப்போடச் சொல்லும் குரல் தெருவின் தரைத்தளத்தில் பலமாகக் கேட்கிறது. மாடியில் இருப்பவர்களோ எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும் என்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரை வாழவைக்கும் யோசனைக்கு விலை கொடுக்க ஆளில்லை. புதியதற்கு ரசீதோடு விலை உண்டு.

‘போர்டு போச்சு’ என்று பொய் சொல்கிற மெக்கானிக்குகள் இல்லாமல் இல்லை. அவர்களை உருவாக்கியதில் நமக்கும் பங்கு இருக்கிறது. பாகத்துக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம், மூளைக்குப் பேரம் பேசுகிறோம். அப்படியானால் பாகத்தை விற்கத்தானே பார்ப்பார்கள்? அடுத்த முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுக்க வழியிருந்தால் எடுத்துவிடுங்கள். கோளாறு எப்போது, என்ன செய்யும்போது வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘என்ன மாத்தினீங்க?’ என்று கேட்பதற்குப் பதில் ‘எதனால வந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால், எதையும் மாற்றாவிட்டாலும் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.