தடை போதுமா?

கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறும் புகையிரதப் பாதையில் எல்லாவற்றினும் உயரமான நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். பட்டி என்ற சொல் தமிழிலும் சிங்களத்திலும் மாடு அடைக்கும் இடத்தைக் குறிக்கும். பெயருக்கேற்ற நிலந்தான். அதற்கு முந்திய நிலையம் அம்பேவெல. அங்குள்ள பண்ணையின் பாலை நாடெங்கும் வாங்கிக் குடிக்கிறார்கள். இத்தகைய பால் நாட்டிலே ஒரு பிள்ளைக்குப் பாலே நஞ்சாகும் என்றால் யார் நம்புவார்?

ஆயினும் அது உண்மை. மேல்நாடுகளில் ஒவ்வாமை என்றதும் கச்சானைப் பற்றியே பேசுகிறார்கள். இலங்கையில் உயிராபத்தான ஒவ்வாமைக்குரிய உணவுகளுள் பசும்பாலும் மாட்டிறைச்சியும் முன்வரிசையில் நிற்பதைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். இது பால் குடித்தால் வயிறு பொருமும் சாதாரணக் கோளாறு அன்று. சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு எழும், உதடும் நாக்கும் வீங்கும், மூச்சுக்குழல் இறுகும், இரத்த அழுத்தம் விழும். அந்தச் சில நிமிடங்களே பிள்ளையின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கின்றன.

மலையகத்தின் ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சில காலத்துக்கு முன் நாம் சென்றிருந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வாயிலில் ஒரு பலகை தொங்கிற்று: பால், பாற்கட்டி, பிஸ்கட், முட்டை, கச்சான் எதுவும் உள்ளே கொண்டு வரக்கூடாது. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமிக்குப் பால் ஆகாது. ஒருமுறை மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றார்களாம், பிழைத்துவிட்டாள். அதன் பின்னே வந்தது பலகை. அவளுக்கு ஆகாதது பால் மட்டுமே. முட்டையும் கச்சானும் எதற்கு என்று கேட்டோம். "எதற்கும் பாதுகாப்பு" என்றார் ஓர் ஆசிரியர்.

கொழுந்து பறிக்கும் ஒரு தாய் நம்மிடம் சொன்னாள்: "விடிஞ்சதும் பெரட்டுக்கு ஓடுறோம் ஐயா. ரொட்டிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லேனா ஒரு முட்டைய அவிச்சு வச்சு அனுப்புவோம். அதுவும் வேணாம்னா என்னத்த வைக்கிறது?" அவள் கேள்வியில் குற்றம் உண்டா? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதியிலோ அது 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளைக்கு வளரவே உணவு போதாத இடத்தில், மலிவான புரதங்களையெல்லாம் பலகை எழுதி விலக்குவது எவ்வளவு பெரிய செயல் என்பதை எழுதிய கை எண்ணிப் பார்த்ததா?

அந்தச் சிறுமியின் தாயையும் கண்டோம். மற்றப் பிள்ளைகள் தன் மகளைப் "பால் புள்ள" என்று கூப்பிட்டு ஒதுக்குவதை அவள் சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எம் புள்ளைக்காக எல்லாப் புள்ளைங்க வயித்துலயும் அடிக்க வேணாம் ஐயா. அதுக்கு மூச்சு முட்டுனா என்ன செய்யணும்னு டீச்சர்மாருக்குச் சொல்லிக் குடுங்க. அது போதும்."

உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே. 2003ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சப்ரினா ஷானன் என்னும் 13 வயதுச் சிறுமி பாடசாலை உணவகத்தில் வாங்கிய உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்று மாண்டாள். பாற்கட்டி பட்ட இடுக்கி அந்தப் பொரியலிலும் பட்டதே காரணமென்று கருதப்பட்டது. அவள் பெயரால் 2005இல் நிறைவேறி 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வகுக்கவும் பாடசாலையில் பணிபுரிவோருக்குப் பயிற்சி தரவும் கட்டளையிடுகிறது. ஸ்காபரோவில் வாழும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இன்று அந்தச் சட்டத்தின் நிழலில் படிக்கிறார்கள். 2021இல் பல நாட்டு நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டியோ இன்னும் ஒருபடி முன்னே சென்றது: பாடசாலை முழுவதற்கும் ஓர் உணவைத் தடை செய்வதைவிடப் பயிற்சியும் திட்டமும் கைக்கெட்டும் மருந்துமே மேல் என்று அது பரிந்துரைத்தது.

தடையே கூடாதென்று நாம் சொல்லவில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத மிகச் சிறிய பிள்ளைகளின் வகுப்பில், அந்தப் பிள்ளைக்கு ஆகாத அந்த ஒரு பொருளை விலக்கி வைப்பதில் நியாயம் உண்டு. உணவைப் பகிராதிருத்தலும், தின்றபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும் எவர் வயிற்றையும் காய விடா. ஆனால் பலகை ஒன்றை மாட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருப்பது வேறு. பிஸ்கட்டுக்குள் ஒளிந்திருக்கும் பால்மாவைப் பலகை காணாது. பிள்ளையின் உதடு வீங்கும்போது பலகை ஊசி போடாது.

மருந்து என்ன? அட்ரினலின். விலை குறைந்த, மிகப் பழைய மருந்து. தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்த வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதன் இடத்தை நிரப்பாது. மேல்நாட்டுப் பிள்ளை தானே குத்திக்கொள்ளும் பேனா போன்ற ஊசியைப் பையில் வைத்திருக்கிறது. நமது லயத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. எனவே மருந்து தோட்ட வைத்திய நிலையத்தில் இருக்க வேண்டும். அதைப் போடத் தெரிந்தவர் பாடசாலை நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். பட்டிப்பொலவிலிருந்து நுவரெலியா வைத்தியசாலைக்கு வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் நிமிடங்கள் மணியாகின்றன. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வரும். அது வந்து சேரும்வரை பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துவதா, மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைப்பதா என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகளா? ஒரு குப்பி மருந்து, ஒரு நாள் பயிற்சி, சுவரில் ஒட்டிய ஒரு தாள். இவற்றைக் கேட்பதற்குத் தோட்ட நிர்வாகத்தின் கதவும் சுகாதார அமைச்சின் கதவும் இருக்கின்றன. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும். பெற்றோர் கூட்டங்கள் இதைத் தீர்மானமாக எழுதட்டும். ஏழைப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து முட்டையை எடுப்பது எளிது. அதே பிள்ளைகளுக்காக ஒரு மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்குவது கடினம். கடினமான அந்த வேலையே நம்முடையது.