போர்ட் ஆர்தர்: எண் பலகை இல்லாத முகங்கள்

டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஊருக்குச் சற்று முன்பு ஈகிள்ஹாக் நெக் என்ற இடத்தில் நிலம் நூறு மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. கைதிகள் தப்பாதபடி அதன் குறுக்கே நாய்களை வரிசையாகச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள்.

1830இல் மரம் வெட்டும் முகாமாகத் தொடங்கிய ஊர் போர்ட் ஆர்தர். பிரிட்டனிலிருந்து தீவாந்திர சிட்சையில் வந்து, வந்த இடத்திலும் குற்றம் செய்தவர்களை இங்கே அடைத்தார்கள். மாவு ஆலையாகக் கட்டிப் பிறகு சிறையாக்கிய நான்கு மாடிக் கட்டடம் 1897 தீயில் எரிந்து, கூரையின்றி நிற்கிறது.

என்னை அதிகம் உலுக்குவது தனிச்சிறை. அங்கே பேசக் கூடாது. அறையை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு மட்டும் துளை விட்ட துணியால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். தேவாலயத்திலும் ஆளுக்கொரு மரத்தடுப்பு. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது.

முகத்தை இப்படி மறைத்த ஊரில்தான் 1870களில் கேமரா வந்து நின்றது. கைதிகளை ஏற்றிவரும் கப்பல்கள் 1853லேயே நின்றுவிட்டன. எஞ்சியிருந்தவர்களில் பலர் கிழவர்கள். அவர்களைப் படம் எடுத்தவர் ஹோபார்ட் புகைப்படக்காரர் தாமஸ் நெவினா, சிறைத் தலைவர் பாய்டா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

நெஞ்சில் எண் பலகை இல்லை. நேர்முகம், பக்கமுகம் என்று இரண்டு படம் எடுக்கும் போலீஸ் வழக்கமும் அப்போது பரவவில்லை. கோட்டு போட்டு, கழுத்தில் துணி கட்டி, பார்வையைச் சற்றே விலக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அட்டையில் ஒட்டிய படம், முட்டை வடிவச் சட்டம். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படம் போலவே இருக்கிறது. டெனிஸ் டோஹெர்ட்டி அவர்களில் ஒருவர். பட்டாளத்தை விட்டு ஓடியதற்காகப் பதினெட்டு வயதில் நாடு கடத்தப்பட்டவர்; 1872இல் நாவலாசிரியர் ஆன்டனி ட்ராலப் இங்கே வந்தபோதும் உள்ளேதான் இருந்தார். நாற்பது ஆண்டுச் சிறையை அந்தக் கன்னங்களில் பார்க்கலாம். பதிவேடு உயரத்தையும் தழும்பையும் எழுதிவைத்தது, களைப்பை எழுதவில்லை.

1877இல் சிறை மூடிய பிறகு ஊருக்குக் கார்னார்வன் என்று பெயர் மாற்றினார்கள். கைதி வம்சம் என்பது அவமானமாக இருந்த காலம். 1927இல் பழைய பெயர் திரும்பியது. இன்று பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஆவணக் காப்பகங்களில் அந்த அட்டைகளைத் தேடுகிறார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்புகிறார்கள். பின்புறம் பெயர், வந்த கப்பல், பிறகு ஒரு வரி: போர்ட் ஆர்தரில் எடுத்தது, 1874.