மதியம் மூன்று மணிக்கு ஒரு டான்ஸ் பார்

டான்ஸ் பாரை மதியம் மூன்று மணிக்குப் பார்க்கக் கூடாது. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தைப் பார்ப்பது மாதிரி இருக்கும். ஆனாலும் போன மாதம் மும்பை போனபோது அண்ணாச்சி விடவில்லை. ‘‘ராத்திரி வெளிய வந்தா வீட்ல சந்தேகப்படுவா. பகல்லயே ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருவோம் தம்பி!’’

பி.காம். முடித்த கையோடு ரயிலேறிய எனக்கு, முதல் வேலையில் சீனியர் அவர். திருநெல்வேலிக்காரர், தாராவிவாசி. சம்பள நாளன்று செம்பூர் பக்கம் ஒரு பார். பன்னிரண்டு வருஷமும் அதே பார், அதே மூலை. நானும் நாலைந்து முறை கூடப் போயிருக்கிறேன்.

தப்பாக நினைக்க வேண்டாம். துணியை அவிழ்க்கிற கிளப் இல்லை. புடவையோ லெஹங்காவோ கட்டிய பெண்கள் இந்திப் பாட்டுக்கு ஆடுவார்கள். தொடக் கூடாது. 500 ரூபாயைக் கொடுத்தால் பத்து ரூபாய்க் கட்டு தருவார்கள். அதைத் தூவ வேண்டும். எனக்கோ கண்ணெல்லாம் கணக்கில்தான். விழுந்த நோட்டைப் பொறுக்க ஒரு பையன், எண்ண ஒருவர், யாருக்கு எவ்வளவு என்று எழுத ஒரு நோட்டு. முதலாளி பங்கு போக மீதி அந்தப் பெண்ணுக்கு. அப்படியொரு சுத்தமான வரவு செலவை எங்கள் ஆபீஸில்கூட நான் பார்த்ததில்லை.

2005 ஆகஸ்டில் தடை வந்தது. மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கும் அதற்கு மேலும் தடை இல்லை! காசுள்ளவன் பார்த்தால் கலாசாரம் கெடாது போல. 2006-ல் மும்பை ஹைகோர்ட் தடையை ரத்து செய்தது, 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. அரசு விடாமல் புதுப்புதுச் சட்டம் போட்டது. 2019-ல் சுப்ரீம் கோர்ட், ஆடலாம், டிப்ஸைக் கையில் கொடுக்கலாம், தூவ மட்டும் கூடாது என்றது. அதற்குள் பாதிப் பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

வாசலில் ‘ஃபேமிலி ரெஸ்டாரன்ட்’ என்று போர்டு. உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் ஆபீஸ்காரர்கள் தாலி மீல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபினாயில் வாசனை. சுவர்க் கண்ணாடிகளில் ரசம் உதிர்ந்திருந்தது. ஆடிய இடத்தில் சின்ன மேடை, துணி போர்த்திய கீபோர்டு. இப்போது ஆர்க்கெஸ்ட்ரா பார். முன்பு மேடையில் நாலு பெண், நாலு ஆண் என்று கணக்கு. மொத்தம் எட்டுப் பேரைத் தாண்டாமல் இருந்தால் போதும், யார் எத்தனை என்பது அவர்கள் பாடு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

அண்ணாச்சியின் மூலையில் வாட்டர் ப்யூரிஃபையர் வைத்திருந்தார்கள். மனிதர் முகம் சுருங்கிவிட்டது.

மேடை ஓரத்தில் சுடிதார் போட்ட ஒரு பெண், நாற்பதுக்கு மேல் இருக்கும், போனில் பாட்டைக் கேட்டு வரிகளை எழுதிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியைப் பார்த்ததும் சிரித்தார். ‘‘நம்ம மெட்ராஸி சேட்!’’

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. பழைய நாட்களைப் பற்றி இந்தியில் பொரிந்து தள்ளினார். அந்த வெளிச்சம் என்ன, அந்தக் கூட்டம் என்ன, எல்லாம் போச்சே...

அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டார். ‘‘மூடினப்போ நீங்க எங்க போனீங்க சேட்?’’

‘‘எங்க போறது? வீட்டுக்குத்தான்.’’

‘‘நானும்தான். வீட்டுக்காரன் வாடகை கேட்டான். தம்பியைக் காலேஜ்ல சேர்த்து ரெண்டு மாசம். மூணு வீட்ல பாத்திரம் தேய்ச்சேன். ராத்திரி தூக்கம் வராது, உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிருச்சு. பாடத் தெரியாது, நாலு வருஷம் கழிச்சுக் கத்துக்கிட்டேன்.’’

‘‘தம்பி?’’ என்று கேட்டேன்.

‘‘பேங்க்ல இருக்கான். கல்யாணத்துக்குக் கூப்பிடல.’’

சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். அண்ணாச்சி பில்லைக் கொடுத்துவிட்டு பர்ஸைத் துழாவினார். ஒரே ஒரு 500 ரூபாய் நோட்டு. அந்தப் பெண் போனைத் திருப்பி க்யூஆர் கோடைக் காட்டினார்.

அண்ணாச்சி என் காதில், ‘‘ஜாயின்ட் அக்கவுன்ட் தம்பி. மெசேஜ் அவளுக்கும் போகும்’’ என்றார். அந்த நோட்டைக் கொடுக்கவும் மனசு வரவில்லை. சில்லறை மாற்ற எதிரே பான் கடைக்குப் போனார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, ‘‘வருவாரா?’’ என்றார்.